காப்பிப்பொடி நிறத்தில் ஒரு பச்சைப் பட்டு

தட்டை மூடியிருந்த துணியை அத்தை விலக்கியதும் பந்தலில் பேச்சு அப்படியே நின்றுபோனது. மைக்செட்டுக்காரர் மட்டும் நிலைமை புரியாமல் பாட்டைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று எனக்கு மஞ்சள் நீராட்டு விழா. திருத்துறைப்பூண்டியிலிருந்து டவுன் பஸ் வந்துபோகும் ஊர் எங்களுடையது. குறுவை அறுப்பு முடிந்த சமயம். புது வைக்கோல் வாசனையும் சாம்பார் கொதிக்கும் வாசனையும் பந்தலுக்குள் கலந்து வந்தன. எனக்குக் கழுத்து கொள்ளாத மாலை. நிமிரவும் முடியவில்லை, மூக்கைச் சொறியவும் முடியவில்லை.

அம்மாவின் ஒரே தம்பி முருகேசன் மாமா, நாகப்பட்டினத்திலிருந்து சீர் கொண்டுவந்திருந்தார். துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவர். அப்போது கல்யாணம் ஆகவில்லை. தாத்தாவும் பாட்டியும் முன்பே போய்விட்டார்கள். அதனால் கும்பகோணத்துக்குத் தனியாகவே போய், தானே பார்த்துப் பட்டுப்புடவை எடுத்திருந்தார். அம்மா கேட்டிருந்தது கரும்பச்சை. தட்டில் இருந்ததோ நல்ல காப்பிப்பொடி நிறம்.

“என்னப்பா இது, மண்ணு கலரு? புள்ளைக்கு நல்லது பண்றமா, காசிக்கு அனுப்பி வைக்கிறமா?” என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா. அவள் வாய்க்கு எங்கள் தெருவே வழிவிடும்.

மாமா கைகட்டி நின்றார். “அக்கா பச்சைதானே கேட்டுச்சு? பச்சைதானே கொண்டாந்திருக்கேன்.”

“இதுவா பச்சை?” என்றார் அப்பா.

“பச்சைதான் அத்தான். நல்லா பாருங்க.”

அந்த ‘நல்லா பாருங்க’தான் வம்பாகிவிட்டது. ஊர் கூடியிருக்கிற இடத்தில் தன்னைக் குருடனாக்கி நக்கல் செய்கிறான் என்று அப்பாவுக்குப் பட்டது. விலை போதவில்லை என்பதால் நிறத்தைச் சாக்காக வைத்து எல்லாருமாகச் சேர்ந்து அவமானப்படுத்துகிறார்கள் என்று மாமாவுக்குப் பட்டது. அப்பா ஒரு வார்த்தை சொல்ல, மாமா இரண்டு வார்த்தை சொல்ல, கடைசியில் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தியில் உட்காராமலே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தாய்மாமன் சாப்பிடாமல் எழுந்துபோன வீட்டில் சாப்பாடு எப்படி இறங்கும்? எனக்கு மட்டும் இறங்கியது. காலையிலிருந்து பட்டினி.

அதற்குப்பின் வருஷக்கணக்கில் போக்குவரத்து இல்லை. “காப்பி கலர்னு ஒரு வார்த்தை ஒத்துக்கட்டும், வாசல் தொறந்திருக்கு” என்பார் அப்பா. “பச்சைய எப்படிக் காப்பின்னு சொல்றது?” என்று மாமாவிடமிருந்து பதில் வரும். புடவை பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. அம்மா அதை வெளியே எடுக்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

மூக்கு யார் பக்கம்

மரபியல் என்று ஒரு படிப்பு இருப்பது தெரியாமலே எங்கள் ஊரில் எல்லாரும் அதில் பண்டிதர்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்குச் சர்க்கரையும் சோப்பு டப்பாவும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள், உட்கார்ந்ததும் முதலில் செய்வது மூக்கைப் பங்கு போடுவதுதான். மூக்கு அப்பன் வழி, நெற்றி பெரியப்பன் வழி, காது யார் வழி என்று முடிவாவதற்குள் காப்பி வந்துவிடும்.

இதில் ஒரு சட்டம் உண்டு. நல்லதெல்லாம் நம் வழி, கெட்டதெல்லாம் சம்பந்தி வழி. எனக்கு நீளமான முடி என்பதால் அது அத்தை வழி. எனக்குப் பிடிவாதம், ஆகவே அது அம்மா வழி. நான் கணக்கில் முட்டை வாங்கியபோது இரண்டு பக்கத்தாரும் என்னைக் கைகழுவிவிட்டார்கள்.

இந்தப் பண்டிதக் கூட்டத்திலிருந்துதான் நான் தஞ்சாவூருக்குப் போய் விலங்கியல் பட்டப்படிப்பில் சேர்ந்தேன்.

வாழைப்பழ ஈக்கள்

இரண்டாம் வருஷத்தில் மரபியல் பாடம். பட்டாணிச் செடி வளர்த்த பாதிரியாரைப் பற்றி முதல் வாரத்தில் நடத்தினார்கள். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தால் வருவதெல்லாம் நெட்டையாம். அந்த நெட்டைகளுக்குப் பிறப்பவற்றில் நாலில் ஒன்று மறுபடியும் குட்டையாம். காணாமல் போனது எங்கும் போகவில்லை, உள்ளே மறைந்திருந்துவிட்டு அடுத்த தலைமுறையில் தலைகாட்டுகிறது.

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நான் சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது காலி நெல் குதிருக்குள் போய் உட்கார்ந்து, எல்லாரும் விளையாட்டை மறந்து வீட்டுக்குப் போனபின் வெளியே வருவேன். அந்தக் குட்டைச் செடி நம்ம ஆள் என்று தோன்றியது.

ஆய்வகத்தில் பழ ஈக்களை பாட்டிலில் வளர்த்தோம். அழுகிய வாழைப்பழம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. விடுதி அறையில் என்னுடன் இருந்த கூத்தாநல்லூர் நஸ்ரின், அந்த மூன்று மாதமும் வாழைப்பழத்தைக் கண்டாலே துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். சிவப்புக் கண் ஈ, வெள்ளைக் கண் ஈ என்று பிரித்து எண்ண வேண்டும். வெள்ளைக் கண் தாய்க்குப் பிறந்த ஆண் ஈக்கள் அத்தனையும் வெள்ளைக் கண்ணாக இருந்தன. தகப்பன் சிவப்புக் கண்ணாக இருந்தும் மகனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

“பாவம்டி அந்த அப்பா ஈ” என்றாள் நஸ்ரின்.

பரீட்சைக்கு இதையெல்லாம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன். புரிந்ததா என்று கேட்டால், பரீட்சைக்கு வேண்டிய அளவுக்குப் புரிந்தது.

அண்ணனும் ரயிலும்

என் அண்ணன் செந்திலுக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் ஓட்ட வேண்டும். போன வாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்துவிட்டுப் போன் செய்தவன், “என் ரயில் கதைய எப்ப எழுதப்போறே?” என்று அவனாகவே கேட்டான். ஆகவே தைரியமாக எழுதுகிறேன்.

எழுத்துத் தேர்வில் அவன் தேறிவிட்டான். வீட்டில் கேசரி கிண்டினார்கள். மருத்துவச் சோதனைக்குப் போனவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினான். சிவப்புக்கும் பச்சைக்கும் அவன் கண்ணுக்கு வித்தியாசம் சரியாகத் தெரியவில்லையாம். சிக்னல் பார்க்கிற வேலைக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் எங்களுக்குப் பழைய சங்கதி ஒவ்வொன்றாகப் புரிந்தது. கதிர் பழுத்துவிட்டதா என்று பார்க்க எல்லாரும் வரப்பில் நின்று கண்ணால் பார்ப்பார்கள். அண்ணன் மட்டும் வயலில் இறங்கி நெல்லைப் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டுச் சொல்வான். “எம்புள்ளைக்கு என்ன அனுபவம்” என்று அப்பா பூரிப்பார். அனுபவம் இல்லை, பாவம், பச்சை எது பழுப்பு எது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த நிமிஷம் மூக்குப் பஞ்சாயத்து ஆரம்பமானது. “எங்க வகையறால யாருக்கும் கண்ணுல குறை கெடையாது” என்றாள் அத்தை. “எங்க வீட்டுல மட்டும் இருந்துச்சா?” என்றாள் அம்மா. அவள் குரலில் அழுகை இருந்தது. பிள்ளைக்கு வேலை போன துக்கம் போதாதென்று பழி வேறு.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. முருகேசன் மாமாவின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. நேரில் வெற்றிலை பாக்கோடு வரவேண்டிய பத்திரிகை, தபாலில்.

கல்யாணத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற முடிச்சை அவருடைய அக்காவோ தங்கையோ போடவேண்டும். நாத்தனார் முடிச்சு. மாமாவுக்கு இருப்பது ஒரே அக்கா. நாங்கள் வரமாட்டோம் என்று நினைத்துத் தன் சித்தப்பா மகளை நிற்கச் சொல்லியிருப்பதாகச் செய்தி வந்தது.

“நான் இருக்கும்போது இன்னொருத்தி போடுவாளா?” என்று அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள். அப்பாவைப் பார்த்து இல்லை, அடுப்பைப் பார்த்து. அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா பார்க்கப் போய்விட்டார். கோடைக் காலம். வாய்க்காலில் எங்கே தண்ணீர்?

இரண்டு புடவை, ஒரு வேட்டி

நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். அம்மா கொடியிலிருந்து துணி எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சை மாற்றுவதற்காக, மாமா சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

“கொழுப்புப் புடிச்சவன்டி. ஒரு மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னா, ஒரு கொம்புக்குப் பச்சை, ஒரு கொம்புக்குக் காவி அடிச்சு ஓட்டிட்டு வந்தான். ஏன்டா இப்படின்னு எங்கப்பா கேட்டா, ரெண்டும் ஒண்ணுதானேங்கறான். என்ன அடி வாங்குனான் தெரியுமா அன்னிக்கு?”

பாட்டிலுக்குள் இருந்த வெள்ளைக் கண் ஈ அத்தனையும் ஒரேயடியாக என்னைத் திரும்பிப் பார்த்தன.

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னால் அத்தை ஜெயிப்பாள், அம்மா தோற்பாள். ஆனால் சொல்லாவிட்டால் அம்மாவுக்குத் தம்பி இல்லை. மடித்து வைத்திருந்த துணியிலிருந்து அம்மாவின் புடவை இரண்டையும் அண்ணனின் வேட்டி ஒன்றையும் எடுத்து முன்னால் போட்டேன்.

“அம்மா, நெறம் பாக்கறதுக்கான சரக்கு எக்ஸ் குரோமோசோம்னு ஒண்ணுல இருக்கு. பொம்பளைக்கு அது ரெண்டு. இந்த ரெண்டு பொடவை மாதிரி. ஒண்ணு உங்கப்பா கொடுத்தது, ஒண்ணு உங்கம்மா கொடுத்தது. ஒண்ணு கிழிஞ்சிருந்தா என்ன பண்ணுவே?”

“நல்லதக் கட்டிக்கிட்டுப் போவேன்.”

“கிழிசல் வெளில தெரியுமா?”

“பெட்டியில கெடக்கறது எப்படித் தெரியும்?”

“ஆம்பளைக்கு அது ஒண்ணே ஒண்ணு. இந்த வேட்டி மாதிரி. கிழிஞ்சிருந்தா அதத்தான் கட்டியாகணும். அந்த ஒண்ண அம்மாதான் கொடுக்க முடியும். அப்பா புள்ளைக்குக் கொடுக்கறது வேற, அதுல நெறம் பாக்கற சமாச்சாரமே கெடையாது.”

அம்மா மடிப்பதை நிறுத்தினாள். “அப்ப செந்திலுக்கு என்கிட்டேர்ந்துதான் வந்துச்சுங்கற. இதுக்குத்தான் உன்னைத் தஞ்சாவூருக்கு அனுப்பிப் படிக்க வச்சமா?”

“முழுசாக் கேளும்மா. உனக்கு அந்தக் கிழிஞ்ச பொடவை எங்கேர்ந்து வந்துச்சு? உங்கப்பாவுக்குக் கொறை இல்ல. கொம்பைப் பாத்ததுமே கண்டுபுடிச்சு அடிச்சிருக்காரு. அப்ப உங்கம்மாகிட்டேர்ந்து வந்திருக்கு. அதே அம்மாவுக்கு ஒரு புள்ளையும் இருக்குல்ல?”

அவள் வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப அவன் பொய் சொல்லலியா?”

அவ்வளவுதான். அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகையோடு எழுந்துபோய்க் கொல்லைப்பக்கம் நின்றுகொண்டிருந்த அத்தையிடம், கேட்காமலே, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள். “அண்ணி, செந்தில் கண்ணு எங்க வீட்டு வழிதான். எங்கம்மா கொடுத்தது. எனக்கும் இருக்கு, என் தம்பிக்கும் இருக்கு.”

வழக்கில் ஜெயித்தும் ஜெயித்த சந்தோஷம் கிடைக்காமல் அத்தை விழித்தது அந்த ஒருநாள்தான்.

புள்ளிப் புத்தகம்

அப்பா நம்பவில்லை. “அவனக் காப்பாத்த ஈ எறும்பெல்லாம் கூட்டியாறீங்க” என்றார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஈக்குச் சரி, மாமாவுக்குச் சரியாக இருக்குமா? மாமா நிஜமாகவே நிறம் தெரிந்தவராக இருந்துவிட்டால் அம்மாவுக்கு இரண்டாவது தடவையும் நெஞ்சு உடையும்.

நஸ்ரினின் அப்பா கூத்தாநல்லூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நிறம் சோதிக்கிற புத்தகம் அவரிடம் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண். அண்ணன் நாகப்பட்டினம் போய், “கண்ணு டெஸ்ட் எடுக்கணும், தொணைக்கு வாங்க மாமா” என்றான். தாய்மாமன் மாட்டேன் என்பாரா? அதையே நான் அப்பாவிடம் சொல்லி அழைத்துப்போனேன். இருவரும் கடை வாசலில் முட்டிக்கொண்டு நின்றபோது, நஸ்ரினின் அப்பா எதுவும் தெரியாதவர்போல இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டு, “டீ சொல்லட்டுங்களா?” என்றார்.

அண்ணன் நடுவில் ஒரு பக்கத்தைப் பார்த்தான். எண் எதுவும் தெரியவில்லை. “ஏதோ தப்பான புஸ்தகம் போல, வெறும் புள்ளிதானே இருக்கு” என்றார் மாமா, பின்னாலிருந்து எட்டிப் பார்த்து. யாரும் அவரைக் கேட்கவே இல்லை. அப்பா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்பாவுக்கு எண் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்த பக்கமும் அப்படியே. அதற்கடுத்ததும். “உன் மாமன் நடிக்கிறானோ” என்று அப்பா என் காதில் முணுமுணுத்தார்.

நஸ்ரினின் அப்பா சிரித்துக்கொண்டே புத்தகத்தின் பின்பகுதியில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். எனக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. அண்ணனும் மாமாவும் ஒரே குரலில், “நாப்பத்தஞ்சு” என்றார்கள்.

“எங்க?” என்றார் அப்பா.

“இங்கதான். நாலு, பக்கத்துல அஞ்சு.”

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி மாட்டினார். புத்தகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். “ஒண்ணும் இல்லியே.”

“இருக்கு அத்தான்” என்றார் மாமா. “நல்லா பாருங்க.”

சொன்ன பிறகுதான் மாமாவுக்கே உறைத்தது. அப்பாவுக்கும் உறைத்தது. அதே வார்த்தை, அதே குரல். அதில் நக்கல் இல்லை. தன் கண்ணுக்குத் தெரிவது இவருக்கு ஏன் தெரியவில்லை என்கிற பரிதவிப்பு மட்டும்தான்.

“செல பேருக்கு மட்டுந்தாங்க இந்தப் பக்கம் தெரியும். உங்களுக்கும் எனக்கும் தெரியாது” என்றார் நஸ்ரினின் அப்பா.

அப்பா புத்தகத்தை மூடிக் கொடுத்தார். டீ வந்தது. பாதி டீ குடித்தபின், மாமாவைப் பார்க்காமல் கேட்டார். “முகூர்த்தம் எத்தனை மணிக்கு மாப்ள?”

பந்தி

இப்போது தஞ்சாவூர்ப் பள்ளியொன்றில் இந்தப் பாடத்தை நானே நடத்துகிறேன். இரண்டு புடவை, ஒரு வேட்டி என்றுதான் ஆரம்பிப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள். அண்ணனோ நெல் அறுவடை இயந்திரம் வாங்கி ஓட்டுகிறான். அதற்குச் சிக்னல் கிடையாது. இன்றும் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் வயலில் இறக்குவான்.

மாமா கல்யாணக் கதைக்கு வருகிறேன். மணப்பெண் மலர் அக்காவிடம் மாமா முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர் யோசித்துவிட்டு, “அப்ப பொடவை எல்லாம் நானே எடுத்துக்கறேன்” என்றாராம். பிள்ளைகளுக்கு வருமா என்று என்னிடம் கேட்டார்கள். பையனுக்கு மாமாவிடமிருந்து வராது, பெண்ணாக இருந்தால் பெட்டிக்குள் வைத்திருப்பாள் என்றேன். ஈக்கள் என்னைக் கைவிடாது என்ற நம்பிக்கைதான்.

பீரோவின் அடித்தட்டிலிருந்து அம்மா அந்தப் பட்டை எடுத்துக் கொடுத்தாள். அந்துருண்டை வாசனை மண்டபம்வரை கூடவே வந்தது. “இதையா கட்டப்போறே?” என்று கேட்ட அத்தைதான் கடைசியில் எனக்குக் கொசுவம் பிடித்துவிட்டாள்.

நாத்தனார் முடிச்சை அம்மா போட்டாள். இழுத்து இழுத்து அவள் முடிந்த வேகத்தைப் பார்த்து ஐயர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அவிழ்ந்துவிடுமோ என்ற பயமே வேண்டாம், அப்படி இறுக்கியிருந்தாள்.

பந்தியில் மாமா அப்பாவுக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை அங்கே உட்காரக் கூடாது என்று யாரோ சொன்னதைக் காதில் வாங்கவில்லை. நான் அப்பளக் கூடையோடு எதிரே வந்தபோது என் புடவையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அத்தான், ஒத்துக்கறேன். அன்னிக்கு நான் கொண்டாந்தது காப்பி கலருதான்.”

அப்பா அப்பளத்தை நிதானமாக நொறுக்கினார். “யார் சொன்னா?” என்றார். “நல்லா பாரு மாப்ள. பச்சைதான்.”

மாமா சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அடங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுப் பந்தியில் உட்காராமலே போன மனிதர், அன்று பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். ஊற்றியது அம்மா.